மெழுகுவத்தியின் சரித்திரம்

பாடபுஸ்தகங்களை யாரும் விமரிசனம் செய்வதில்லை. ஆயிரம் பிரதி விற்ற நாவலைப்பற்றிப் பத்துப் பேர் கட்டுரை எழுதுகிறோம். லட்சக்கணக்கான குழந்தைகள் வரிக்கு வரி நெட்டுருப்போடுகிற ஒரு ரசாயனப் புஸ்தகம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதில் சொல்லியிருப்பது சரியா தப்பா என்று பார்ப்பதோடு சரி. சரியான விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்று வைத்துக்கொண்டால், ரெயில்வே கால அட்டவணைதான் உலகத்திலேயே சிறந்த இலக்கியம் என்று ஆகிவிடும்.

நான் ரசாயனம் படித்துத் தேறியவன் அல்ல, கதை எழுதுகிறவன். ஒரு விஷயத்தை எங்கே ஆரம்பிப்பது, எதை முன்னால் சொல்லி எதைப் பின்னால் வைப்பது என்கிற ஒரே கவலையில்தான் இத்தனை வருஷங்களைக் கழித்திருக்கிறேன். அந்த ஒரு பாத்தியதையில் மட்டுமே இந்தப் பேச்சில் தலையிடுகிறேன்.

ரசாயனத்தில் எனக்கு நடந்த முதல் பாடம் நன்றாக நினைவிருக்கிறது. எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை என்றார் வாத்தியார். ஒரே வகை அணுக்களால் ஆனது மூலகம். இப்போது தனிமம் என்று எழுதுகிறார்கள். மூலகங்கள் சேர்ந்தால் கூட்டுப்பொருள். ஹைட்ரஜனில் இரண்டு அணு, பிராணவாயுவில் ஒரு அணு, இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். அதை ஹெச் டூ ஓ என்று எழுதவேண்டும். அணு கண்ணுக்குத் தெரியாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஸார், கண்ணுக்கே தெரியாதென்றால் இரண்டு என்று எப்படி ஸார் எண்ணினார்கள்?"

"எண்ணினவனைப் போய்க் கேள். பரீட்சையில் அதெல்லாம் வராது. உட்கார்!"

வகுப்பு சிரித்தது. நான் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் ரசாயன வகுப்பில் நான் எழுந்து நிற்கவே இல்லை. பரீட்சையில் தேறியது நெட்டுருவின் புண்ணியம்.

வெகு காலத்துக்குப் பிறகு பழைய புஸ்தகக் கடை ஒன்றில் மைக்கேல் பாரடேயின் சிறு புஸ்தகம் ஒன்று கையில் கிடைத்தது. 'ஒரு மெழுகுவத்தியின் ரசாயன சரித்திரம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சாஸ்திரம் என்று சொல்லாமல் சரித்திரம் என்று சொல்லியிருக்கிறாரே என்றுதான் வாங்கினேன். லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற ஸ்தாபனத்தில் 1825 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென்று பிரசங்கங்கள் நடத்திவந்தார்கள். 1860-ஆம் வருஷக் கடைசியில் தொடங்கி பாரடே செய்த ஆறு பிரசங்கங்கள் இவை. வில்லியம் க்ரூக்ஸ் என்ற விஞ்ஞானி பதிப்பித்து 1861-ல் புஸ்தகமாக வந்தது. பேசியபோது பாரடேக்கு வயது அறுபத்தொன்பது. சிறுவர்களுக்காக அவர் செய்த கடைசிக் கிறிஸ்துமஸ் பிரசங்கத் தொடர் அதுதான்.

இந்த மனிதருக்குப் புஸ்தகத்தின் அருமை தெரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொல்லன் மகன். பள்ளிப் படிப்பு சொற்பம். பதினாலாம் வயதில் புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகச் சேர்ந்து ஏழு வருஷம் இருந்தார். பைண்டு செய்ய வந்த புஸ்தகங்களைப் படித்துத்தான் விஞ்ஞானம் கற்றார். அவற்றில் ஒன்று ஜேன் மார்ஸெட் என்ற பெண்மணி தம் பெயர் போடாமல் வெளியிட்ட 'ரசாயன சம்பாஷணைகள்'. ஒரு ஆசிரியை, அவளிடம் கேள்வி கேட்கும் இரண்டு சிறுமிகள், இவ்வளவுதான் அதில் பாத்திரங்கள். சிறுமிகளில் ஒருத்தி சமர்த்து; இன்னொருத்திக்கு வெடிப்பதும் பற்றி எரிவதும்தான் வேண்டும். கேள்வி கேட்பதற்கென்றே இரண்டு பேர் இருக்கிற ஒரு புஸ்தகத்தில் ரசாயனம் கற்றவர் பாரடே என்பதை மறந்துவிடக்கூடாது. பின்னால் அந்த அம்மாளுக்குத் தாம் பட்ட கடனை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பாரடேயின் முதல் பிரசங்கத்தில் மூலகம் இல்லை, அணு இல்லை, குறியீடு இல்லை. ஒரு மெழுகுவத்தி எரிகிறது, அவ்வளவுதான். நம் வீட்டில் மின்சாரம் போனால் எரிகிற அதே மெழுகுவத்தி. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். அவர் கேட்கிற முதல் கேள்வியிலேயே நாம் விழித்துக்கொள்கிறோம். மெழுகு கெட்டிப் பொருள். எரிவது மேலே, திரியின் நுனியில். கெட்டியான மெழுகு அந்த நுனிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

மெழுகுவத்தியின் தலையில் உருகிய மெழுகு ஒரு சின்னக் கிண்ணம்போலத் தேங்கி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கிண்ணத்தைச் செய்தது யார்? ஜ்வாலையின் சூட்டினால் காற்று மேலே எழும்புகிறது. கீழிருந்து குளிர்ந்த காற்று வத்தியின் ஓரத்தைத் தடவிக்கொண்டு மேலே போகிறது. அதனால் ஓரம் உருகாமல் நிற்கிறது, நடு மட்டும் உருகுகிறது. எரிகிற நெருப்பே தன் எண்ணெய்க்குக் கிண்ணமும் செய்துகொள்கிறது. இதைச் சொல்லிவிட்டு, வரிவரியாகப் பள்ளம் வெட்டி அலங்காரம் செய்த மெழுகுவத்திகளைக் காட்டுகிறார். பார்க்க அழகு; எரியவிட்டால் ஓரம் ஒழுங்காக நிற்காமல் மெழுகு வழிந்து பாழாகிறது. கண்ணுக்கு அழகானது வேறு, காரியத்துக்கு அழகானது வேறு என்று அங்கே ஒரு முடிவு சொல்கிறார். வசன நடையைப்பற்றி இதைவிட நல்ல விமரிசனம் நான் படித்ததில்லை.

பிறகு திரி மெழுகை உறிஞ்சி மேலேற்றுவதைக் காட்டுகிறார். தட்டில் உப்புக் குவியல் ஒன்றை வைத்து, சாயம் கலந்த நீரை அதன் அடியில் ஊற்றுகிறார். நிறம் உப்பின் உச்சிக்கு ஏறுகிறது. அடுத்து, மெழுகுவத்தியை மெல்ல அணைத்துவிட்டு, எழும்புகிற புகையில் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி எரியும் குச்சியைக் காட்டுகிறார். நெருப்பு அந்தப் புகை வழியே ஓடிவந்து திரியைப் பற்றுகிறது. எரிவது கெட்டி மெழுகும் அல்ல, உருகிய மெழுகும் அல்ல, மெழுகின் ஆவி. ஜ்வாலையின் நடுவில் இருண்டு தெரியும் பாகத்தில் கண்ணாடிக் குழாயைச் செருகி, அந்த ஆவியை வெளியே இழுத்து, குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டுகிறார். ஒரு மெழுகுவத்தியில் இரண்டு விளக்கு!

இதெல்லாம் வேடிக்கை காட்டுவதல்லவா என்று கேட்கலாம். வேடிக்கைதான். ஆனால் ஒவ்வொரு வேடிக்கையும் அடுத்த கேள்வியைக் கிளப்பிவிடுகிறது. மெழுகு எரிந்து தீர்ந்துபோகிறதே, எங்கே போயிற்று? இதைக் கேட்கவைத்துவிட்டுத்தான் மூன்றாம் பிரசங்கத்துக்கு வருகிறார். ஜ்வாலைக்கு மேலே ஐஸும் உப்பும் போட்ட பாத்திரத்தைப் பிடிக்கிறார். பாத்திரத்தின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்கிறது. நெருப்பிலிருந்து தண்ணீர்! அது தண்ணீர்தானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காகப் பொட்டாஷியம் என்ற உலோகத்தில் ஒரு துண்டை அதில் போடுகிறார். தண்ணீர் பட்டதும் அது ஊதா நிறத்தில் பற்றி எரிகிறது. மெழுகில் தண்ணீர் இல்லை. காற்றிலும் இவ்வளவு இல்லை. அப்படியானால் தண்ணீர் என்பதே இரண்டு பொருள்கள் சேர்ந்து உண்டானதாக இருக்கவேண்டும். ஒன்று மெழுகிலிருந்து வந்தது, மற்றது காற்றிலிருந்து வந்தது. இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் ஹைட்ரஜன், பிராணவாயு என்ற பெயர்களுக்கு வேலை வருகிறது. கதாபாத்திரத்தின் காரியத்தைக் காட்டிவிட்டுப் பிறகு பெயரைச் சொல்கிற கதைக்காரன் செய்வதுதான் இது. எங்கள் பாடபுஸ்தகம் ஊர் ஜனங்கள் அத்தனை பேரின் பெயரையும் முதல் பக்கத்திலேயே ஜாபிதா போட்டுவிட்டது. அப்புறம் அவர்கள் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரைப் பிரித்துக் காட்டும்போது, ஒரு முனையில் சேரும் ஹைட்ரஜன் மறுமுனையில் சேரும் பிராணவாயுவைப்போல இரண்டு பங்கு இடத்தை அடைக்கிறது. எடை போட்டால் கதை வேறு. நூறு பங்கு தண்ணீரில் 88.9 பங்கு பிராணவாயு, 11.1 பங்குதான் ஹைட்ரஜன். அதாவது ஒன்றுக்கு எட்டு. இதைப் படித்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது என்றால் மிகையில்லை. இதோ, இரண்டு வந்துவிட்டது! என் கேள்விக்குப் பதில் அடுத்த பக்கத்தில் இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அடுத்த பக்கத்தில் இல்லை. புஸ்தகத்திலேயே இல்லை. பாரடே பெரும்பாலும் துகள்கள் என்று பேசிக்கொண்டு போகிறாரே தவிர, அணுக்களை எண்ண முன்வருவதில்லை. அணு என்று சுலபமாகப் பேசிவிடலாம், அது என்ன என்று தெளிவாக நினைத்துப் பார்ப்பது கஷ்டம் என்பது 1834-லேயே அவர் எழுத்தில் தெரிவித்த அபிப்பிராயம்.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஏமாற்றத்தினால்தான் மேலே தேடினேன். தேடியதில் தெரிந்தது இது: நான் பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு, பாரடே பேசிய அந்த வருஷம் வரையில் உலகத்து ரசாயனிகளுக்கே ஒருமித்த பதில் கிடையாது.

ஒரு மூட்டையில் தேங்காய், ஒரு மூட்டையில் எலுமிச்சம்பழம். மூட்டைகளின் எடை மட்டும் தெரியும், பிரித்துப் பார்க்கக்கூடாது. தேங்காய் மூட்டை எட்டு மடங்கு கனம். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தால், ஒரு தேங்காய் எட்டு எலுமிச்சை எடை. ஒரு தேங்காய்க்கு இரண்டு எலுமிச்சை என்று இருந்தால், தேங்காய் பதினாறு எலுமிச்சை எடை. எடையை வைத்துக்கொண்டு எது சரி என்று எப்படிச் சொல்வது? மான்செஸ்டரில் இருந்த ஜான் டால்ட்டன் 1808-ல் அணுக் கொள்கையைப் புஸ்தகமாக எழுதியபோது, வேறு காரணம் தெரியாதவரையில் எளிமையானதை எடுத்துக்கொள்வோம் என்று ஒன்றுக்கு ஒன்று என்றே தண்ணீரை எழுதினார். ஹெச் டூ ஓ அல்ல; வெறும் ஹெச் ஓ. அணுவுக்கே தகப்பனார் என்று நாம் படிக்கிற மனிதர் நம் பரீட்சையில் இந்தக் கேள்விக்குப் பூஜ்யம் வாங்கியிருப்பார்.

அதே 1808-ல் பிரான்ஸில் கே-லுஸாக் என்பவர் வாயுக்களை அளந்து சொன்னார்: இரண்டு படி ஹைட்ரஜனும் ஒரு படி பிராணவாயுவும் சேர்ந்தால் இரண்டு படி நீராவி கிடைக்கிறது. 1811-ல் இத்தாலியில் அவகாட்ரோ என்பவர் ஒரு யோசனை சொன்னார். ஒரே சூட்டில், ஒரே அழுத்தத்தில், எந்த வாயுவானாலும் ஒரு படிக்குத் துகள்களின் எண்ணிக்கை ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கணக்கு எளிதாக இருக்க, ஒரு படிக்கு ஆயிரம் துகள் என்று வைத்துக்கொள்வோம். பிராணவாயுத் துகள்கள் ஆயிரம். உண்டான நீராவித் துகள்கள் இரண்டாயிரம். ஒவ்வொரு நீராவித் துகளிலும் பிராணவாயு இருக்கவேண்டுமே! ஆயிரத்தை இரண்டாயிரம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பாதிதான். பிராணவாயுத் துகள் இரண்டாகப் பிளந்தாகவேண்டும்.

அணு பிளக்காது என்றார் டால்ட்டன். கே-லுஸாக்கின் அளவையே அவர் ஒப்பவில்லை. பிளந்தது அணு அல்ல, ஜோடி என்றார் அவகாட்ரோ. பிராணவாயுவின் ஒவ்வொரு துகளும் இரண்டு அணுக்கள் கைகோத்த ஜோடி. ஹைட்ரஜனும் அப்படியே, ஒரு படி ஹைட்ரஜனும் ஒரு படி குளோரினும் சேர்ந்தால் இரண்டு படி புது வாயு கிடைக்கிறதே, அதுவும் ஜோடி பிரிந்தால்தான் நடக்கும். ஆகவே ஒரு நீராவித் துகளுக்கு ஹைட்ரஜன் ஜோடி முழுசாக ஒன்று, பிராணவாயு ஜோடியில் பாதி. ஹைட்ரஜன் அணு இரண்டு. பிராணவாயு அணு ஒன்று. யாரும் எண்ணவில்லை. படிக்கணக்கிலிருந்து நியாயம் பேசிக் கண்டுபிடித்தார்கள்.

இந்த நியாயத்தை உலகம் ஐம்பது வருஷம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஜாதி அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேரும், எதிர் மின்சாரம் உள்ளவைதானே கவரும் என்பது அப்போதைய பெரியவர்களின் ஆட்சேபம். குழப்பம் முற்றியது. வினிகரில் உள்ள அமிலத்துக்கு அப்போது வழங்கிய பத்தொன்பது விதமான குறியீடுகளை ஜாபிதா எடுத்து 1861-ல் தம் பாடபுஸ்தகத்திலேயே அச்சிட்டார் கெக்குலே. 1860 செப்டம்பரில் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ரசாயனிகள் கூடி மூன்று நாள் விவாதித்தார்கள். அங்கே கன்னிஸாரோ என்ற இத்தாலியர் எழுந்து, நாலு வருஷம் முன்பு இறந்துபோயிருந்த அவகாட்ரோவுக்காக வாதாடினார். கூட்டம் முடிவு ஒன்றும் செய்யாமல் கலைந்தது. ஆனால் அவருடைய சிறு பிரசுரம் கைக்குக் கை போயிற்று. ஊருக்குத் திரும்பி அதைப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இருபத்தாறு வயது மெண்டலீவ், 1869-ல் மூலகங்களுக்கெல்லாம் ஒழுங்கான அட்டவணை போட்டார். சரியான அணு எடைகள் இல்லாமல் அது முடிந்திருக்காது.

கார்ல்ஸ்ரூ கூட்டம் செப்டம்பரில். பாரடேயின் மெழுகுவத்தி டிசம்பரில். அதனால்தான் அவர் புஸ்தகத்தில் என் கேள்விக்குப் பதில் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத அவருக்கு மனம் வரவில்லை. இதைக் குறை என்று சொல்லலாம்; நானும் சொல்கிறேன். கண்ணால் பார்க்கக்கூடியதற்கு அப்பால் ஒரு அடி வைக்கத் தயங்குகிற புஸ்தகம் ரசாயனத்தின் பாதி அழகை விட்டுவிடுகிறது. படிக்கணக்கிலிருந்து அணுவுக்குத் தாவுகிற தாவல் கற்பனையின் வேலை. அதில் உள்ள தைரியம் எந்தக் காவியத்துக்கும் இளைத்ததல்ல. பாரடேயின் வாசகனுக்கு அது கிடைப்பதில்லை. இன்னொரு குறையும் உண்டு. பேசியதை அப்படியே அச்சிட்டதால் 'இதோ பாருங்கள்', 'இப்போது காட்டுகிறேன்' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நாடகத்துக்குப் போகாமல் வசனப் புஸ்தகத்தை மட்டும் படிக்கிற மாதிரி சில இடங்களில் அலுப்புத் தட்டுகிறது.

ஆனாலும் கடைசிப் பிரசங்கத்துக்காக எதையும் மன்னித்துவிடலாம். நுண்ணிய ஈயப் பொடி ஒன்றைக் கொட்டுகிறார். காற்றுப் பட்டவுடன் தானே பற்றிக்கொள்கிறது. கரி அப்படியல்ல. எரிவதற்கு எல்லா யோக்கியதையும் இருந்தும் கரி காத்திருக்கிறது. நாம் சூடு காட்டினால்தான் எரியும். அப்படிக் காத்திராவிட்டால் விறகுக் கட்டையும் மெழுகுவத்தியும் வீட்டில் வைத்திருக்க முடியுமா? ஈயம் எரிந்தால் அதன் சாம்பல் அங்கேயே தங்கி மூடிக்கொள்கிறது. கரி எரிந்தால் கரியமிலவாயுவாகி விலகிப்போய்விடுகிறது. இதைச் சொல்லிவிட்டு, சுண்ணாம்புத் தெளிவுநீரில் மெழுகுவத்தியின் காற்றைச் செலுத்திப் பால்போல் ஆக்கிக் காட்டியவர், அதே சுண்ணாம்பு நீரில் தம் மூச்சை விட்டுக் காட்டுகிறார். அதுவும் பாலாகிறது.

ஐந்து பிரசங்கமாக நாம் வேடிக்கை பார்த்த மெழுகுவத்தி நாம்தான். ஒரு மனிதன் ஒரு நாளைக்கு ஏழு அவுன்ஸ் கரியை மூச்சில் எரிக்கிறான். கறவைப் பசு 70 அவுன்ஸ், குதிரை 79 அவுன்ஸ் என்று கணக்குச் சொல்கிறார். லண்டன் நகரம் ஒரு நாள் விடும் மூச்சில் 548 டன் கரியமிலவாயு என்கிறார். அவ்வளவும் எங்கே போகிறது? நமக்கு விஷமானது செடிகொடிகளுக்கு ஆகாரம். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, நீங்களும் மெழுகுவத்திபோலப் பிறருக்கு வெளிச்சமாக இருங்கள் என்கிற மாதிரி வாழ்த்தி முடிக்கிறார். உபதேசத்தில் முடிகிற கதை எனக்குப் பிடிக்காது. இங்கே அது உறுத்தவில்லை. மெழுகுவத்தியும் மனிதனும் ஒன்றுதான் என்பதை முன்னாலேயே சுண்ணாம்புத் தண்ணீரில் நிரூபித்துவிட்டாரே!

பாடபுஸ்தகம் எழுதுகிறவர்கள், மெழுகுவத்தியிலிருந்து ஆரம்பித்தால் வருஷத்துக்குள் பாடத்தை முடிக்க முடியாது என்று சொல்வார்கள். இருக்கலாம். எல்லாப் பாடத்தையும் அப்படி எழுதச் சொல்லவில்லை. ஒரே ஒரு பாடம் போதும். அணு என்ற முடிவை முதல் பக்கத்தில் வைத்துத் தொலையுங்கள். ஆனால் அதற்கு மனிதர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள், எத்தனை பெரியவர்கள் அதில் தவறினார்கள் என்று ஏதாவது ஒரு இடத்தில் சொல்லிவிடுங்கள். தமிழில் ராஜாஜி ரசாயனத்தைப்பற்றி எழுதிய புஸ்தகத்துக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர் வைத்தார். அது எங்கே உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்தவன் குறுக்கே கேள்வி கேட்பான். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் வாத்தியாரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். "எண்ணினவனைப் போய்க் கேள்" என்றார். கோபத்தில் சொன்னாலும் சரியான பதில்தான் அது. அவன் பெயர் அவகாட்ரோ என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லியிருந்தால், இத்தனை வருஷம் கழித்துப் பழைய புஸ்தகக் கடையில் அவனைத் தேட ஆரம்பித்திருக்கமாட்டேன்.